நடக்க இயலாதோரும் நெருப்பும்

நுழையும்முன்

தீப்பற்றினால் வெளியே ஓட வேண்டும் என்பது நாம் இளமையிலேயே கற்றது. எழுந்து நிற்கவும் இயலாதவருக்கு அது எவ்வாறு உதவும்? மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் படுத்த படுக்கையாய் இருப்போரைத் தீயிலிருந்து காக்கும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

ஆனைமலை அடிவாரத்திலிருந்து கோவை வரை முதியோர் இல்லங்கள் பல எழுந்துள்ளன. பிள்ளைகள் அயல்நாடுகளில் இருக்க, பெற்றோர் அமைதி நாடி இங்கு வந்து தங்குகின்றனர். தென்னந்தோப்பின் அமைதி இனியதே. ஆயினும், தீயணைப்பு ஊர்தி ஊர்ப்புறச் சாலைகளைக் கடந்து வந்துசேரும்வரை, உடனிருக்கும் பணியாளர் சிலரின் கைகளே முதியோருக்குத் துணை. இரவில் அக்கைகளும் குறைந்துவிடும்.

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்களுக்கு ஓடும் ஆற்றல் இருந்தது. சங்கிலிதான் அதைப் பறித்தது. எவ்வடிவிலும் நோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

புகை என்னும் பகை

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் தீ மூண்டது. ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, புகை. குளிரூட்டும் குழாய்களின் வழியே அது மேல்தளங்களுக்கு ஏறியது. மூடிய கண்ணாடிச் சாளரங்கள் அதனை உள்ளேயே அடைத்துவைத்தன. முதலில் ஓடிவந்து உதவியோர் அருகிலிருந்த குடிசைப்பகுதி மக்கள். கேரளத்தைச் சேர்ந்த செவிலியர் இருவர் நோயாளிகள் எண்மரை மீட்டபின், மீண்டும் உள்ளே சென்று உயிர்நீத்தனர்.

கீழே அன்று, பக்கவாட்டில்

படுத்திருப்பவரை உடனே படிக்கட்டில் இறக்க முயல்வது பெரும்பாலும் தவறு. அதற்குப் பலர் வேண்டும், நேரமும் வேண்டும். ஆகவே, அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்குக் கட்டிலோடு உருட்டிச் செல்வதே முதற்படி. கதவை மூடினால் புகை தடைப்படும். அடுத்த வழியை எண்ணிப் பார்க்க நேரம் கிடைக்கும். அக்கதவைக் காற்றுக்காகக் கல் வைத்துத் திறந்திருக்கச் செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த ஒரு கல் முழு ஏற்பாட்டையும் வீணாக்கிவிடும்.

கட்டிலை நகர்த்த இயலாதபோது, நோயாளியைக் கனத்த போர்வையின்மீது கிடத்தித் தலைப்பக்கத்தைப் பற்றித் தரையோடு இழுக்கலாம். தூக்க இயலாதவரையும் இவ்வாறு நகர்த்த முடியும். புகை மேலெழுவதால் தரையை ஒட்டிய காற்று ஓரளவு தெளிந்திருக்கும்.

யாரை முதலில் மீட்பது? தீக்கு மிக அருகில் இருப்பவரை. அதன்பின், நடக்கக்கூடியோர், அடுத்து, கைத்தாங்கலாக வரக்கூடியோர், இறுதியாகவே முற்றிலும் படுத்திருப்போர். இவ்வரிசை இரக்கமற்றதாகத் தோன்றலாம். ஆனால், ஒருவரை இழுத்துச் செல்லும் நேரத்தில் பலர் தாமே வெளியேறிவிடுவர், வழியும் அடைபடாது, அவர்களுக்குத் துணைநின்ற கைகளும் எஞ்சியோருக்கு உதவத் திரும்பும்.

மின்தூக்கியை நாடக்கூடாது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் எலும்புமுறிவு மருத்துவமனை ஒன்றில் தீப்பற்றியபோது, மின்தூக்கிக்குள் பலர் மயங்கிக் கிடந்தனர். அத்தீவிபத்தில் சிறுமி உட்பட அறுவர் இறந்தனர்.

ஒத்திகைகள் பெரும்பாலும் பகலில், பணியாளர் அனைவரும் கூடியிருக்கும்போதே நடக்கின்றன. இரவுப் பணியில் இருவரே இருப்பின், ஒத்திகையும் அவ்விருவரைக் கொண்டே நடைபெற வேண்டும். எந்தக் கட்டிலுக்கு எத்தனை கைகள் வேண்டும், கதவுவரை செல்ல எத்தனை நிமிடம் ஆகும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.