பாடக்குறிப்பும் செயற்கை நுண்ணறிவும்

நுழையும்முன்

எதைக் கற்பிப்பது, எவ்வரிசையில் கற்பிப்பது, மாணவர் கற்றதை எவ்வாறு அறிவது என்பவற்றை ஆசிரியர் முன்கூட்டியே எழுதிவைப்பது பாடக்குறிப்பு. அப்பணிக்கு இன்று செயற்கை நுண்ணறிவும் துணைநிற்கிறது. அத்துணையை எந்த அளவிற்கு ஏற்கலாம் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரே வகுப்பு, பல நிலைகள்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை அடுத்துள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை பிற மாநிலத் தொழிலாளர்களையும் ஈர்த்துள்ளது. தமிழும் தெலுங்கும் வழங்கிவந்த வட்டாரத்தில் இன்று இந்தியும் ஒடியாவும் ஒலிக்கின்றன. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் கேட்கும் குழந்தைக்கு எல்லார்க்கும் பொதுவான ஒரே பயிற்சி போதாது.

இத்தகைய வேறுபாட்டை எதிர்கொள்ளும் முயற்சி இம்மாவட்டத்திற்குப் புதிதன்று. பெருந்தொற்றுக் காலத்தில் நேர்ந்த கற்றல் இடைவெளியைக் குறைக்க வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. அத்திட்டம் குழந்தைகளின் கற்றல் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்தது. நிலைக்கொரு பயிற்சி என்பது சிறந்த நெறி. ஆயின், ஆசிரியரின் ஆயத்தப்பணி அதனால் பன்மடங்காகிறது.

கருவியின் துணை

'நீர்நிலைகள்' பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பு, கால அளவு, கற்றல் நோக்கம், மாணவர் நிலை ஆகியவற்றைக் குறிப்பிட்டு வினவினால், ஒரே கருத்தை மூன்று நிலைகளில் விளக்கும் பத்திகளையும் வினாக்களையும் கருவி சில நொடிகளில் வரைந்து தரும். கடினமான சொற்களுக்கு இந்தியிலோ தெலுங்கிலோ பொருளும் தரும். வினா தெளிவாக அமையுமளவிற்கு விடையும் பயன்தரும்.

கருவியின் எல்லை

இக்கருவி உண்மையை ஆராய்ந்து எழுதுவதில்லை. பெருந்திரளான எழுத்துகளிலிருந்து கற்ற அமைப்பைக்கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுகிறது. ஆதலால், பிழையையும் தயக்கமின்றிச் சொல்லும். பூண்டி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதனை 3,231 கன அடி என்று கருவி எழுதினாலும் வாக்கியம் பிழையற்றதுபோலவே தோன்றும். அலகு மாறியதால் அளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்ததை ஆசிரியரே காணவேண்டும். எங்கோ உள்ள ஏரியைக் கருவி சான்றாகக் காட்டினால், மாணவர் அறிந்த பழவேற்காட்டு ஏரியை அவ்விடத்தில் அமைப்பதும் அவர் பொறுப்பே.

மாணவரின் பெயர், மதிப்பெண், குடும்பநிலை ஆகியவற்றைக் கருவியில் உள்ளிடலாகாது. 'ஒரு மாணவர்' என்று பொதுவாகக் குறித்தாலே போதும்.

தெரியுமா?

ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைக் கல்வியில் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதலை யுனெஸ்கோ 2023ஆம் ஆண்டு வெளியிட்டது. வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்தும் மாணவர்க்குக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது.

ஆசிரியரின் இடம்

வினாவிற்கு விடை கூறாது அமர்ந்திருக்கும் குழந்தை, விடை அறியாமல் இருக்கலாம். விடை அறிந்தும் அதனைத் தமிழில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். முன்னதற்கு மீண்டும் கற்பித்தல் வேண்டும். பின்னதற்குச் சொற்களைத் தந்து உதவுதல் வேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது அக்குழந்தையை நாள்தோறும் காணும் ஆசிரியரே. கருவி மிச்சப்படுத்தும் நேரம் அக்குழந்தையின் அருகில் அமர்வதற்குப் பயன்படுமாயின், அதுவே அதன் உண்மையான பயன்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றைப் பற்றிச் செயற்கை நுண்ணறிவு தரும் குறிப்பை ஆசிரியர் துணையுடன் பெறுக. ஊர்ப் பெரியோரிடமும் நூலகத்திலும் கேட்டறிந்த செய்திகளோடு அதனை ஒப்பிட்டுப் பிழைகளைப் பட்டியலிடுக.