மைக் இரையுதா? முதல்ல சுவர்ப் பிளக்கைப் பாரு

தம்பி, "உன் மைக் இரையுது, மியூட்ல போடு"ன்னு டீம்ல ஒருத்தன் சொன்ன உடனே புது ஹெட்செட் வாங்க டவுனுக்கு இறங்காதே. கண்டி மஹய்யாவ மாதிரி இடத்துல சுவரோட சுவர் ஒட்டின வீடுகள், தாத்தா காலத்து வயரிங், ஒரே பிளக்ல தொங்குற நாலு சாமான். இந்த நிலைமையில பெரும்பாலும் குற்றவாளி ஹெட்செட் இல்லை. புதுசை வாங்கி வந்து அதே பிளக்ல மாட்டினா அதுவும் அதே ராகத்துலதான் இரையும். கடைக்காரருக்கு லாபம், அம்மாவுக்குக் கோபம்.

முதல்ல ஒன்னைக் கண்டுபிடி: இரைச்சல் யாருக்குக் கேட்குது? உனக்கு மட்டும்னா கோளாறு காதுக்கு வர்ற லைன்ல. மத்தவங்களுக்கு மட்டும்னா மைக் லைன்ல. ரெண்டு பக்கமும் கேட்டா கரண்ட்டையும் எர்த்தையும் சந்தேகப்படு. டீம்காரன் சொல்றதை மட்டும் நம்பாதே, அவன் பக்கத்து நெட்டும் மோசமா இருக்கலாம். விண்டோஸ்லயே இருக்கிற ரெக்கோர்டரைத் திற. கொஞ்ச நேரம் பேசாம இரு, பிறகு பேசு, பிறகு கேமை ஓடவிட்டு மவுஸை வேகமா ஆட்டு. அந்த ரெக்கோர்டிங்கை போனுக்கு அனுப்பி, போன்லயே கேளு. அதே கொம்பியூட்டர்ல கேட்டா மைக்ல ஏறின சத்தம் எது, இப்ப காதுல ஏறுற சத்தம் எதுன்னு பிரிக்க முடியாது.

சத்தத்தோட குணத்தை வெச்சே பாதி விஷயம் தெரிஞ்சிடும். மாறாம "ம்ம்ம்ம்"னு முனகினா அது கரண்ட். மவுஸ் ஆட்டும்போதும் கேம்ல சண்டை சூடாகும்போதும் மட்டும் "சிர்ர்ர்"னு கீறினா அது கேசிங்குக்குள்ள இருந்து வருது. "டிக் டிக் டிர்ர்ர்"னு வந்து நின்னு வந்து நின்னா மேசையில கிடக்கிற போன். 2ஜி சிக்னல்ல பேசுற போன் செக்கனுக்கு 217 தடவை விட்டு விட்டு அலை அனுப்பும். அந்த விட்டு விட்டு அனுப்புறதுதான் மைக் வயர்ல ஏறி டிர்ர்ர்னு கேட்குது. போனையும் 4ஜி ரவுட்டரையும் ஹெட்செட் வயர்ல இருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால வை, வேலை முடிஞ்சுது.

"ம்ம்ம்ம்" கேஸ்தான் நம்ம பக்கம் அதிகம், அதனால அதை விளக்கமாவே சொல்றேன். வீட்டுக்கு வர்றது 230 வோல்ட், செக்கனுக்கு 50 சுற்று. அந்த 50ம் அதோட இரட்டிப்பான 100ம் மைக் லைன்ல கலந்தா கேட்கிறதுதான் இந்த முனகல். கொம்பியூட்டர் பவர் சப்ளைக்குள்ள ஒரு ஃபில்டர் இருக்கு. உள்ள உண்டாகிற இரைச்சலை எர்த் வயர் வழியா இறக்கி விடுறது அதோட வேலை. எர்த் இல்லைன்னா அது இறங்க வழியில்லாம கேசிங்கிலேயே நிக்கும், அங்கிருந்து ஹெட்செட் வயரைப் பிடிச்சு மைக்குக்கு வரும். கேசிங்ல கை பட்டப்ப எப்பவாவது சுர்ருன்னு இருந்திருக்கா? இருந்திருந்தா எர்த் இல்லைன்னு அர்த்தம், இன்னொரு தரம் தொட்டுச் சோதிக்காதே. அந்த ஃபில்டர்ல இருக்கிற சின்ன கண்டென்சர் ரெண்டும் கேசிங்கை ஏறக்குறைய பாதி வோல்டேஜ்ல நிறுத்தி வைக்கும். ஓடுற கரண்ட் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா மைக்குக்கு அதுவே தாராளம்.

எர்த் எங்க தொலையுது? பாதி நேரம் பிளக்லதான். நம்ம வீடுகள்ல வட்ட முள் பழைய சொக்கட் ஒரு சுவர்ல, சதுர முள் 13 அம்பியர் சொக்கட் இன்னொரு சுவர்ல இருக்கும். 13 அம்பியர்தான் இப்ப நாட்டோட தரம், ஆனா பழசைக் கழட்டி மாத்தினவங்க எத்தனை பேர்? நடுவுல ஒரு அடெப்டர், அதுக்கு மேல இன்னொரு அடெப்டர். சில பேர் எர்த் ஓட்டையில பேனா மூடியைக் குத்தி, மூடியிருக்கிற கதவைத் திறந்து ரெண்டு முள் பிளக்கைத் திணிப்பாங்க. அந்த வழியில வந்த கொம்பியூட்டருக்கு எர்த்துங்கிறதே கிடையாது. மூணு முள்ளும் நேரா சுவர்ல இறங்குற மாதிரி ஒரு நல்ல மல்டி பிளக் போடு. கொம்பியூட்டர், மொனிட்டர், ஸ்பீக்கர் மூணையும் அந்த ஒன்னுல இருந்தே எடு. மொனிட்டர் ஒரு அறை பிளக்ல, கொம்பியூட்டர் இன்னொரு அறை பிளக்லன்னா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல கேபிள் வழியா ஒரு வளையம் உண்டாகி, அதுவும் முனகும். பாரத்தை நினைச்சுப் பயப்படாதே, 500 வொட் இழுக்கிற கேமிங் கொம்பியூட்டருக்கே 2 அம்பியருக்குக் கொஞ்சம் மேலதான் போகும். அதே மல்டி பிளக்ல கேத்தலையும் அயர்னையும் மாட்டினாத்தான் பிரச்சினை.

பிளக் சரியா இருந்தும் முனகுதுன்னா வயரிங் பாஸைக் கூப்பிட்டு எர்த் ரொட்டைப் பார்க்கச் சொல்லு. வெளிச்சுவர் ஓரம் மண்ணுல அடிச்சிருக்கிற கம்பி அது. கண்டி மழையில நனைஞ்சு நனைஞ்சு கிளாம்ப் பச்சை பூத்து, வயர் தொடாம சும்மா நிக்கும். டிரிப் ஸ்விட்ச்ல இருக்கிற "டி" பட்டனை அமத்தினா விழுது, ஆகவே எர்த் நல்லா இருக்குன்னு நினைக்காதே. அந்தப் பட்டன் ஸ்விட்சைத்தான் சோதிக்கும், எர்த் ரொட்டைச் சோதிக்காது. வாடகை வீடுன்னா இதை வீட்டுக்காரர்கிட்ட கேமுக்காகன்னு சொல்லாதே. கேசிங் ஷொக் அடிக்குதுன்னு சொல்லு, உண்மையும் அதுதானே.

இன்னொன்னு, இதுல நான் கண்டிப்பு. எர்த் முள்ளை வெட்டி விட்டா முனகல் நிக்கும்னு யூடியூப்ல சொல்லித் தர்றவங்க இருக்காங்க. சில நேரம் நிக்கவும் செய்யும். ஆனா பவர் சப்ளை உள்ள ஏதாவது கழண்டு கேசிங்ல பட்டா அந்த முள் ஒன்னுதான் உன்னைக் காப்பாத்தும். அதுல கை வைக்காதே.

லப்டொப்னா சோதனை சுலபம்: சார்ஜரைப் பிடுங்கி பெட்டரியில பேசிப் பாரு. முனகல் போயிட்டா சார்ஜர்தான். இன்வேர்ட்டர், யூ.பி.எஸ். வெச்சிருக்கிற வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு சோதனை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினப்போ அவசரத்துல வாங்கின மலிவு இன்வேர்ட்டர் பலதும் நேர்த்தியான அலை தராது, படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டான அலைதான் தரும். அதுல ஓடும்போது மட்டும் இரைஞ்சா ஹெட்செட்டைக் குறை சொல்லிப் பலனில்லை.

சரி, கேசிங்குக்குள்ள வர்ற "சிர்ர்ர்". முன்பக்க ஜெக்ல மாட்டியிருக்கியா? அந்த ஜெக்கில இருந்து மதர்போர்டுக்குப் போற மெல்லிசு வயர் பல கேசிங்ல கிராபிக்ஸ் கார்டை உரசிக்கிட்டுத்தான் போகும். கார்ட் கரண்டை இழுக்கும்போதெல்லாம் அது பாடும். பின்பக்கத்து ரோஸ் கலர் ஓட்டையில மாட்டிப் பாரு. அதுவும் சரிவரலைன்னா ஒரு சின்ன யூ.எஸ்.பி. சவுண்ட் அடெப்டர் வாங்கு. ஹெட்செட் வாங்குற காசுல சின்னப் பங்குதான் ஆகும். சத்தத்தைக் கேசிங்குக்கு வெளியில கொண்டு வந்து மாத்துறதால உள் இரைச்சலுக்கு அது நல்ல மருந்து. "கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்"னு ஒரு குட்டிப் பெட்டியும் கடையில நீட்டுவாங்க. ஸ்பீக்கர் லைனுக்கு அது நல்லது, மைக் லைனுக்கு வேண்டாம். ஹெட்செட் மைக்குக்கு அந்த வயர் வழியாத்தான் சின்ன வோல்டேஜ் போகணும். ஐசொலேட்டர் அதைத் தடுத்திடும், மைக் ஊமையாகிடும்.

ஜெக்கோட கறுப்பு வளையத்தையும் எண்ணிக்கோ. மூணு இருந்தா அது போனுக்கான ஒற்றை ஜெக். அதை ரோஸ் ஓட்டையில அப்படியே குத்தினா மைக் வேலை செய்யாது. காதுக்கும் மைக்குக்கும் தனித்தனியா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒன்னு வேணும்.

வயர்லெஸ் வெச்சிருக்கியா தங்கச்சி? (நீயும் விளையாடுறது எனக்குத் தெரியும்.) சத்தம் வெட்டி வெட்டி வந்தா அந்தக் குட்டி டொங்கிள் எங்க இருக்குன்னு பாரு. யூ.எஸ்.பி. 3 போர்ட்டும் அதுல மாட்டின ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கக்கும்னு இன்டெல் கம்பெனியே 2012ல எழுதி வெச்சிருக்கு. வயர்லெஸ் ஹெட்செட் டொங்கிளும் சாதாரண வைஃபையும் அதே 2.4லதான் ஓடுது. ஒரு எக்ஸ்டென்ஷன் வயர்ல டொங்கிளை மேசை மேல கொண்டு வா. ரவுட்டர்ல 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தா கொம்பியூட்டரை அதுக்கு மாத்து. புளூடூத் ஹெட்செட்ல மைக் திறந்த உடனே கேம் சத்தம் தகர டப்பா மாதிரி ஆகுதுன்னா அது பழுதில்லை. காதுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஓடும்போது பல செட் தரத்தைக் குறைச்சுக்கும். தனி மைக் ஒன்னு வெச்சா தீரும்.

இதெல்லாம் பார்க்காமலே எல்லாரும் கை வைக்கிற இடம் மைக் வொல்யூம். 100ல வெச்சு, பூஸ்ட்டை 30 டெசிபெல் ஏத்தி, மைக்கை நெத்திப் பக்கம் தூக்கி விட்டுட்டு "இரையுது"ன்னா இரையத்தான் செய்யும். பூஸ்ட் உன் குரலையும் இரைச்சலையும் சேர்த்துத்தான் தூக்கும். மைக்கை வாய்க்கிட்ட கொண்டு வா. தூரம் பாதியானா குரல் 6 டெசிபெல் அளவுக்குக் கூடும், கரண்ட் முனகல் இருந்த இடத்துலயே இருக்கும். உதட்டு ஓரத்துல ரெண்டு விரல் இடைவெளி போதும், நேரா வாய்க்கு முன்னால வெச்சா மூச்சு புஸ் புஸ்னு அடிக்கும். பிறகு பூஸ்ட்டை 10க்கு இறக்கு. உன் குரலே உனக்குத் திரும்பக் கேட்டா மைக் செட்டிங்ல "லிசன்"ங்கிற இடத்துல டிக் விழுந்திருக்கும், எடுத்துடு.

ஹந்தானை டவரைத் திட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. மலை மேல டவர் தெரியுதுன்னு எல்லாப் பழியையும் அது தலையில போடுறது கண்டிக்காரங்க வழக்கம். அதே ஹெட்செட்டைப் போன்ல மாட்டி, அதே கதிரையில உட்கார்ந்து ஒரு ரெக்கோர்டிங் எடு. சுத்தமா இருந்தா டவர் நிரபராதி. பிறகு அறையில இருக்கிற மலிவு எல்.ஈ.டி. பல்ப், ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜ்ல கிடக்கிற நுளம்பு பேட், ஒவ்வொன்னா நிப்பாட்டிப் பாரு. எதை நிப்பாட்டும்போது இரைச்சல் நிக்குதோ அதுதான்.

சத்தம் நசுக்குற மென்பொருளைக் கடைசிக்கு வை. டிஸ்கோர்ட்ல கிரிஸ்ப் 2020ல இருந்தே இருக்கு, ஆர்.டி.எக்ஸ். கார்ட் இருந்தா என்விடியா பிரோட்காஸ்ட்டும் இருக்கு. தகரக் கூரையில கொட்டுற மழைக்கும் மாத்தளை ரயில் ஹோர்னுக்கும் இதுங்க உதவும். எர்த் இல்லாத முனகலுக்கு மேல இதைப் போட்டா முனகலோட சேர்த்து உன் சொல்லோட வாலையும் வெட்டும். "இடது பக்கம் வர்றான்"ல "இடது"க்குப் பிறகு ஒன்னும் கேட்கலைன்னா டீம் எப்படித் திரும்பும்?

இவ்வளவும் பார்த்த பிறகும் இரைஞ்சா, வயரை ஜெக்குக்குப் பக்கத்துல மெதுவா வளைச்சுப் பாரு. வளைக்கும்போது சத்தம் மாறினா உள்ள அறுந்திருக்கு. ஈயம் ஊதத் தெரிஞ்ச போன் ரிப்பெயார்காரர் புது ஜெக் போட்டுத் தருவார். அதுவும் முடியாதுன்னாத்தான் புதுசு. யட்டிநுவர வீதியோ கண்டி சிட்டி சென்டரோ, எங்க வாங்கினாலும் கடை கொம்பியூட்டர்லயே மாட்டி ரெக்கோர்ட் பண்ணிக் காட்டச் சொல்லு, வாரண்டியை பில்லுலயே எழுதச் சொல்லு. பில்லை அன்னிக்கே போட்டோ எடுத்து வை, அந்தத் தாள்ல எழுத்து சில மாசத்துல மங்கிப் போயிடும்.