கைப்பையா, செக்-இன் பெட்டியா: விமானப் பயணியின் பொருள்களுக்கு உரிய இடம்

விமானத்தில் ஒரு பொருளைக் கொண்டுசெல்லலாமா என்று கேட்பதைவிட, அதை எந்தப் பையில் வைப்பது என்று கேட்பதே பயணிக்குப் பெரிதும் உதவும். சில பொருள்களுக்குப் பயணி தம்முடன் வைத்துக்கொள்ளும் கைப்பையில் இடமுண்டு, செக்-இன் பெட்டிகள் செல்லும் அடித்தளச் சரக்கறையில் இடமில்லை; வேறு சிலவற்றுக்கு இதுவே தலைகீழாக அமைகிறது. கத்தி, கத்தரிக்கோல் போன்றவை ஆயுதமாகக்கூடும் என்பதால் பயணியின் கைக்கெட்டாத சரக்கறைக்கே போக வேண்டும். தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியவையோ ஆளில்லாத அந்த அறைக்குப் போகக்கூடாது. இவ்விரு காரணங்களையும் புரிந்துகொண்டவருக்குத் தடைப் பட்டியலின் பெரும்பகுதி மனப்பாடமின்றியே விளங்கிவிடும்.

இரண்டாவது காரணத்திற்குத் தலையாய எடுத்துக்காட்டு லித்தியம் மின்கலம். அது பழுதுபட்டாலோ நசுங்கினாலோ உள்ளே எழும் வெப்பம் அடுத்தடுத்த கலங்களுக்கும் பரவித் தொடர்ந்து எரியவைக்கும். சரக்கறையில் பீய்ச்சப்படும் ஹேலான் வாயு சுவாலையை அடக்கினாலும், கலத்திற்குள் நிகழும் வேதிவினையை நிறுத்தாது. பயணிகள் இருக்கும் பகுதியிலோ புகையைக் கண்ட உடனே விமானப் பணியாளர்களால் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். ஆகவே பவர் பேங்கும், கருவியில் பொருத்தப்படாத உதிரி மின்கலங்களும் கைப்பையில் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன; மின்முனைகள் உலோகத்தில் உரசாதபடி உதிரிக் கலங்களை உறையிட்டு வைக்க வேண்டும். மடிக்கணினியை முழுமையாக அணைத்துச் செக்-இன் பெட்டியில் வைக்க விதி இடம் தந்தாலும், அதையும் கையோடு கொண்டுசெல்வதே சரி.

மின்கலத்தின் அளவு வாட்-மணியில், அதாவது அது தேக்கிவைக்கும் ஆற்றலின் அலகில் கணக்கிடப்படுகிறது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 100 முதல் 160 வரையிலான உதிரிக் கலங்கள் விமான நிறுவனத்தின் ஒப்புதலுடன் இரண்டு மட்டும் செல்லலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பயணியின் பைகளில் இடமில்லை. பவர் பேங்கில் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் அச்சிடப்பட்டிருந்தால், அதை வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் விடை கிடைக்கும்: 3.7 வோல்ட்டில் 20,000 என்பது 74 வாட்-மணி, 30,000 என்பது 111 வாட்-மணி. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையாளர் மறுக்கக்கூடும் என்பதால், அதை வீட்டிலேயே விட்டுச்செல்வது நல்லது.

திரவங்களுக்கான வரம்பு, 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கத் தீட்டப்பட்ட சதி அம்பலமான பின் வந்தது. இந்தியாவிலிருந்து செல்லும் பன்னாட்டு விமானங்களின் கைப்பையில், 100 மில்லி லிட்டருக்கு மிகாத கலன்களை ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பைக்குள் அடக்க வேண்டும். கணக்கில் கொள்ளப்படுவது கலனின் கொள்ளளவே. பாதி காலியான 200 மில்லி லிட்டர் புட்டியும் தடுக்கப்படும். நெய், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், தொக்கு போன்ற குழைவான உணவுகளுக்குக் கசியாமல் கட்டிய செக்-இன் பெட்டியே ஏற்றது. மதுவில் 24 விழுக்காட்டுக்கு மேல் 70 வரை ஆல்ககால் கொண்டவை, கடையில் வாங்கியபடி உடைக்காத நிலையில், ஒருவருக்கு 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் செல்லலாம். 70 விழுக்காட்டைத் தாண்டியவை எந்தப் பையிலும் செல்லா.

தமிழ்ப் பயணிகள் பலரும் எதிர்பாராத தடை கொப்பரைக்கு உண்டு. எண்ணெய்ச் செறிவுள்ள உலர்ந்த தேங்காய் தானாகவே சூடேறி எரியக்கூடியது என்பதால், பன்னாட்டுப் பட்டியலில் தானே தீப்பற்றும் பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதை இரு பைகளிலும் தவிர்க்க வேண்டும். முழுத் தேங்காயும் வழக்கமாகக் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை. 2024-25 சபரிமலைப் பருவத்தில் இருமுடிக்கட்டுடன் செல்லும் பக்தர்களுக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை விலக்கு அளிக்கப்பட்டது. அது அந்தப் பருவத்துக்கான சலுகை என்பதால், பின்வரும் ஆண்டுகளில் செல்வோர் புதிதாகக் கேட்டறிய வேண்டும்.

விதி இரு பைகளிலும் அனுமதித்தாலும் கைப்பைக்கே உரியவை சில உண்டு. சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்தால் பயனற்றுப்போகும். அதையும் அன்றாட மருந்துகளையும் மருத்துவரின் சீட்டுடன் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். நகை, பணம், அசல் சான்றிதழ்கள் ஆகியவையும் அவ்வாறே. பன்னாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இழப்பீட்டுக்கு வரம்பு விதிக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள், அதாவது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகுகள். ஒரு தாலிக்கொடியின் விலைக்கே அது ஈடாகாது.

இவ்வளவு கவனத்துடன் அடுக்கிய கைப்பையும், மேலடுக்கில் இடமில்லை என்று விமான வாயிலிலேயே வாங்கப்பட்டுச் சரக்கறைக்கு அனுப்பப்படலாம். அந்த நொடியில் அது செக்-இன் பெட்டியாகிவிடுகிறது; அதிலுள்ள பவர் பேங்கும் உதிரிக் கலங்களும் விதிப்படி வெளியே எடுக்கப்பட வேண்டும், மருந்தையும் ஆவணத்தையும் பயணியே எடுத்துக்கொள்ள வேண்டும். இவை அனைத்தையும் முன்கூட்டியே ஒரு சிறு துணிப்பையில் இட்டுக் கைப்பையின் மேற்பகுதியில் வைத்திருந்தால், பின்னால் வரிசை காத்திருக்கும்போதும் ஒரே இழுப்பில் வெளியே எடுத்துவிடலாம்.