மெலியார் வலியாரை எதிர்கொள்ளும் வகை: பெண்களுக்கான தற்காப்புப் பயிற்சி

மகாராஷ்டிர மாநிலம், புனே மாவட்டம், முல்ஷி வட்டத்தில் உள்ள ஹிஞ்சேவாடி, சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்று அங்கே மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா பல கட்டங்களாகப் பரந்து விளங்குகிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் பட்டம் பெற்ற இளம் பெண்கள் இங்கு வந்து பணிபுரிகின்றனர். தமிழகத்துப் பெண்களும் அவர்களுள் அடங்குவர். வாகட், பாணேர் போன்ற அண்டைப் பகுதிகளில் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கி, அயல்நாட்டு வாடிக்கையாளரின் நேரத்திற்கேற்ப இரவுப் பணிக்கும் செல்கின்றனர்.

பெண்களின் கல்வி பெருகினால் மட்டும் அவர்களின் உழைப்பு நாட்டின் உற்பத்தியில் முழுமையாகச் சேர்ந்துவிடாது. வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் சென்று அச்சமின்றித் திரும்ப முடிந்தால்தான் அவர்கள் வேலையில் நிலைத்து நிற்க முடியும். எனவே பெண்களின் பாதுகாப்பு வளர்ச்சித் திட்டத்தின் ஓர் உறுப்பாகவே கருதப்பட வேண்டும். அப்பாதுகாப்பில் தற்காப்புப் பயிற்சிக்கு உள்ள இடம் யாது, அதன் பயன் எவ்வளவு, அதன் எல்லை எது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு நிகழ்ச்சிகள் கற்பிப்பவை

2007-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இரவு, புனேயில் அயல்பணி நிறுவனமொன்றில் வேலை பார்த்து வந்த இளம் பெண் ஒருவர், நிறுவனம் ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்த வாடகைக் காரில் இரவுப் பணிக்குப் புறப்பட்டார். ஓட்டுநரும் அவருடைய நண்பரும் சேர்ந்து வண்டியை வேறு வழியில் செலுத்தி, அவரை வன்புணர்ச்சி செய்து கொலை செய்தனர். 2012-இல் புனே செஷன்ஸ் நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. தண்டனையை நிறைவேற்றுவதில் ஏற்பட்ட காலதாமதத்தைக் காரணம் காட்டி, 2019 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அதனை 35 ஆண்டுச் சிறைத் தண்டனையாகக் குறைத்தது.

2017 ஜனவரியில் மற்றொரு கொடுமை நேர்ந்தது. ஹிஞ்சேவாடியில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவலகத்திற்குள், ஞாயிற்றுக்கிழமையன்று தனியே பணியிலிருந்த பொறியாளர் பெண் கொலையுண்டு கிடந்தார். அந்தக் கட்டிடத்தின் காவலாளியே கைது செய்யப்பட்டுக் குற்றம் சாட்டப்பட்டார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆபத்து இருட்டுச் சந்திலிருந்து முன்பின் அறியாதவர் வடிவில் வரவில்லை. அழைத்துச் செல்ல வேண்டிய ஓட்டுநர் மீதும், காக்க வேண்டிய காவலாளி மீதுமே குற்றச்சாட்டு எழுந்தது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளும் இதனையே காட்டுகின்றன. பதிவாகும் வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். ஆகவே, அந்நியரை அடித்து வீழ்த்தும் கலையை மட்டும் கற்பிக்கும் பயிற்சி, உண்மையான ஆபத்தின் பெரும் பகுதியைத் தொடாமலே விட்டுவிடும்.

வலிமையின் கணக்கு

பெண்ணைத் தாக்குபவர் பெரும்பாலும் அவரைவிட உயரமும் எடையும் மிக்கவராக இருப்பார். இதனை மறைப்பதால் பயனில்லை. உடலியல் ஆய்வுகளின்படி, சராசரிப் பெண்ணின் மேலுடல் வலிமை சராசரி ஆணினுடையதில் ஏறத்தாழப் பாதி முதல் அறுபது விழுக்காடு வரை இருக்கும். கால், இடுப்பு முதலிய கீழுடலின் வலிமையோ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். தற்காப்பின் முதல் விதி இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. கையோடு கை பிணைந்து மல்லுக்கு நிற்பது, தம்மிடம் குறைவாக உள்ளதைக் கொண்டு எதிரியிடம் மிகுதியாக உள்ளதோடு மோதுவதாகும். காலையும் இடுப்பையும் உடலின் எடையையும் பயன்படுத்தினால் வேறுபாடு சுருங்குகிறது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. ஐந்தடி உயரம்கூட இல்லாத எடித் காரட் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஜப்பானிய ஜுஜுத்சு கலையை லண்டனில் கற்பித்தார். முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில், வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களின் தலைவியரைக் காத்து நின்ற மகளிர் குழுவுக்குப் பயிற்சியளித்தவர் அவரே. நம் நாட்டில், கேரளத்தின் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா சிறுமியாகக் களரியில் இறங்கி, முதுமையிலும் களரிப்பயிற்று கற்பித்து வந்தமைக்காக 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எனினும், இக்கலைகளில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும். பணிக்குச் செல்லும் பெண்ணுக்கும் பள்ளி மாணவிக்கும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளத்தக்க எளிய முறையே தேவை.

கற்க வேண்டிய ஐந்து பாடங்கள்

முதலாவது, நோக்கத்தைத் தெளிதல். தற்காப்பின் நோக்கம் எதிரியை வெல்வதன்று, தப்பிச் செல்வதே. சில நொடிகள் கிடைத்து, வெளிச்சமும் மக்களும் உள்ள இடத்தை அடைந்துவிட்டால் பயிற்சி வெற்றி பெற்றது என்று பொருள். கத்தி காட்டிப் பணமோ கைப்பேசியோ கேட்பவனிடம் அதனைத் தூர எறிந்துவிட்டு எதிர்த்திசையில் ஓடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, முன்னறிதல். தாக்குதலுக்கு முன் பெரும்பாலும் சில அறிகுறிகள் தோன்றும். காரணமின்றி வழி மாறும் வண்டி, மறுத்த பின்னும் வற்புறுத்தும் பேச்சு, பிறரிடமிருந்து தனிமைப்படுத்தும் முயற்சி, மெல்ல மெல்ல நெருங்கும் உடல் ஆகியவை அத்தகையன. அறிமுகமானவரிடம் இவற்றைக் காணும்போது, மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம் பெண்ணின் நாவைக் கட்டிவிடுகிறது. அத்தயக்கத்தைக் களைவது பயிற்சியின் மிகக் கடினமான பகுதியாகும்.

மூன்றாவது, குரல். இரண்டு கைகளையும் மார்பளவில் முன்னே நீட்டி, 'நில்! அருகே வராதே!' என்று உரத்துக் கூறுதல் வேண்டும். இக்குரல் தாக்குபவனின் திட்டத்தைக் குலைக்கிறது, அருகிலிருப்பவரைச் சாட்சிகளாக்குகிறது, கூறுபவரின் மூச்சையும் சீர்படுத்துகிறது. பேரச்சத்தில் உடல் விறைத்துக் குரல் அடங்கிவிடுவது இயற்கை. ஆதலால் வகுப்பிலேயே பலமுறை உரக்கக் கத்திப் பழக வேண்டும்.

நான்காவது, பிடியிலிருந்து விடுபடுதல். மணிக்கட்டைப் பற்றும் பிடியில் வலுக்குறைந்த இடம், கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியாகும். பின்னோக்கி இழுத்தால் எதிரியின் முழு வலிமையோடும் போட்டியிட நேரிடும். ஓரடி முன்னே வைத்து, முழங்கையை மடக்கி, கட்டைவிரலின் பக்கமாகக் கையைச் சுழற்றினால் ஒரு விரலின் வலிமையை மட்டுமே வென்றால் போதும். முன்னிருந்து கழுத்தை நெரித்தால், முகவாயைத் தாழ்த்தி, ஒரு கையை மேலே உயர்த்தி, உடல் முழுவதையும் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அப்போது தோளின் எடை அவன் மணிக்கட்டுகளின் மேல் விழும். பின்னிருந்து கட்டிப் பிடித்தால், முழங்காலை மடக்கி எடையைத் தாழ்த்தி, குதிகாலால் அவன் புறங்காலை மிதிக்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால், கால்களை எதிரியின் பக்கம் வைத்து அவன் முழங்காலையும் கணைக்காலெலும்பையும் உதைக்க வேண்டும்.

ஐந்தாவது, அடிக்கும் இடமும் கருவியும். எவ்வளவு பெரிய உடலாயினும் கண், மூக்கு, தொண்டை, விரைப்பகுதி, முழங்கால் ஆகியவற்றைத் தசை காப்பதில்லை. மூடிய முட்டியால் முகத்தில் குத்தினால் விரலெலும்பு முறியக்கூடும். உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை, முழங்கால், குதிகால் ஆகியவையே ஏற்ற கருவிகள். ஒரே அடியோடு நிறுத்திவிடாமல், பிடி தளரும் வரை தொடர்ந்து அடித்து, தளர்ந்தவுடன் ஓட வேண்டும்.

ஆய்வு தரும் சான்று

எதிர்த்தால் இன்னும் கொடிய காயமே விளையும், பணிந்து போவதே நலம் என்னும் கருத்து நெடுங்காலமாகப் பரவியிருந்தது. குற்றவியல் ஆய்வுகள் இதனை ஆதரிக்கவில்லை. கத்துதல், எதிர்த்துப் போராடுதல், ஓடுதல் ஆகியவை வன்புணர்ச்சி நிறைவேறும் வாய்ப்பைக் குறைக்கின்றன என்றும், கெஞ்சுதலும் மன்றாடுதலும் அவ்வளவாகப் பயன் தருவதில்லை என்றும் அவை காட்டுகின்றன. பல நிகழ்ச்சிகளில் காயம் முன்னரே ஏற்பட்டுவிடுகிறது. எதிர்ப்பு அதன் பின்னரே எழுகிறது.

2015-இல் கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில், சார்லீன் சென் என்ற உளவியல் பேராசிரியரின் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. முதலாண்டு மாணவியர் 893 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு, மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகளில், அபாயத்தை மதிப்பிடவும் தயக்கத்தை வெல்லவும் உடலால் எதிர்க்கவும் பயிற்சி தரப்பட்டது. மற்றவருக்குத் துண்டறிக்கைகள் மட்டுமே வழங்கப்பட்டன. ஓராண்டிற்குப் பின், வன்புணர்ச்சிக்கு ஆளானோர் பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 விழுக்காடும், பெறாத பிரிவில் 9.8 விழுக்காடும் ஆவர். முயற்சியளவில் நின்ற நிகழ்ச்சிகளும் முறையே 3.4, 9.3 விழுக்காடாயின. பன்னிரண்டு மணி நேரத்துப் பயிற்சிக்கு இது பெரும் பயனாகும். முயற்சிகளே குறைந்தமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. அபாயத்தை முன்பே கண்டு, தொடக்கத்திலேயே மறுத்து விலகியதன் பயனாக இதனைக் கொள்வது பொருந்தும்.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. பயிற்சி பெற்ற பின்னரும் நூற்றுக்கு ஐவர் அக்கொடுமைக்கு ஆளாயினர். பயிற்சி அபாயத்தைக் குறைக்கிறது, அதனை ஒழித்துவிடுவதில்லை.

சட்டம் தரும் உரிமை

தம்மைக் காத்துக்கொள்ளும் பெண் தாமே வழக்கில் சிக்க நேருமோ என்று பலர் அஞ்சுகின்றனர். 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வரையறுக்கின்றன. தம் உடலை மட்டுமின்றிப் பிறருடைய உடலைக் காப்பதற்கும் இவ்வுரிமை உண்டு. வன்புணர்ச்சி, கடத்தல், அமில வீச்சு முதலிய நோக்கங்களோடு தாக்குபவனுக்கு, தற்காப்பின்போது மரணமே நேரிடினும் அது குற்றமாகாது என 38-ஆம் பிரிவு கூறுகிறது. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்தவுடனேயே உரிமை தொடங்குகிறது. அவ்வச்சம் நீடிக்கும் வரை நிலவுகிறது. முதல் அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு இழைத்தலையும், ஆபத்து நீங்கிய பின் பழிவாங்குதலையும் சட்டம் அனுமதிப்பதில்லை.

மற்றொரு சட்டப் பாடமும் மகாராஷ்டிரத்திலிருந்தே பிறந்தது. 1972-இல் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருவர் காவலர்களால் வன்புணரப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், அவர் உடலில் எதிர்ப்பின் காயங்கள் இல்லை என்பதையும் காரணமாகக் கொண்டு, 1978-இல் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் எழுதிய பகிரங்கக் கடிதமும் மகளிர் இயக்கங்களின் போராட்டமும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்கு வழி வகுத்தன. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே பெண் இசைந்ததாகக் கருதக் கூடாது என்பது இன்று சட்டத்திலேயே இடம் பெற்றுள்ளது. தற்காப்புப் பயிற்சியைப் பரப்புவோர் இவ்வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும். எதிர்த்தல் பெண்ணின் உரிமை. அதனைக் கடமையாக்கி, எதிர்க்க இயலாமற் போனவரைக் குறை கூறுவது பழைய அநீதியைப் புதுப்பிப்பதாகும்.

நிருவாகம் செய்ய வேண்டியவை

சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவியர்க்கு ராணி லட்சுமிபாய் பெயரிலான தற்காப்புப் பயிற்சி மூன்று மாதம் அளிக்கப்பெற வழி செய்யப்பட்டுள்ளது. இத்தகைய திட்டங்களை நடத்தும் அலுவலர்கள், எத்தனை பேர் வந்தனர் என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. மகளிர் தினத்தன்று ஒரு மணி நேரம் நடத்திக் காட்டும் நிகழ்ச்சி பயிற்சியாகாது. காப்புடை அணிந்த பயிற்றுநர் உண்மையாகவே பற்றி இழுக்க, மாணவி முழு வலிமையோடு விடுபட்டுப் பழகினாரா? அறிமுகமானவரை மறுத்துப் பேசும் பயிற்சி இருந்ததா? சட்ட உரிமையும், 112 என்ற அவசர எண்ணும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும் கற்பிக்கப்பட்டனவா? சில மாதங்களுக்குப் பின் மறுபயிற்சி உண்டா? மதிப்பீட்டில் கேட்க வேண்டிய வினாக்கள் இவையே.

பணியமர்த்துவோரின் பொறுப்பு இன்னும் பெரிது. மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, இரவு 9.30 மணிக்கு மேல் காலை 7 மணி வரை பெண்ணைப் பணியமர்த்த அவருடைய இசைவும், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க உட்குழு அமைத்தல் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளையாகும். ஓட்டுநர், காவலாளி ஆகியோரின் பின்னணியைச் சரிபார்த்தல், வண்டியின் வழியைக் கண்காணித்தல், விடுமுறை நாளில் எவரையும் கட்டிடத்தில் தனித்து விடாதிருத்தல் ஆகியவற்றை எந்தத் தற்காப்பு வகுப்பும் ஈடுசெய்யாது. 2007-இல் அந்தப் பெண்ணை எதிர்நோக்கியிருந்தவர் இருவர். அங்கே முதலில் தவறியது ஏற்பாடே.

காவல்துறையும் நீதிமன்றமும் நிறுவனமும் தத்தம் கடமையைச் செய்ய, அவற்றுக்கு இடையே எஞ்சும் சில நொடிகளில் பெண்ணுக்குத் துணை நிற்பது தற்காப்புப் பயிற்சி. அந்தச் சில நொடிகளில் உயிரும் மானமும் அடங்கியிருத்தலின், ஹிஞ்சேவாடியின் கணினிக் கூடங்கள் முதல் நம் சிற்றூர்ப் பள்ளிகள் வரை, இக்கல்வி முறையாகவும் முழுமையாகவும் சென்று சேர்தல் வேண்டும்.