கல்வெட்டு படிக்க ஒரு சுவர், ஒரு செல்பேசி, ஒரு வாத்தியார்

கல்வெட்டு வாசிக்கக் கற்க வேண்டும் என்று வருகிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "எந்த ஆப் நல்லது?" ஆப் இருக்கட்டும், முதலில் ஒரு சுவரைப் பிடியுங்கள் என்பேன். பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறவர்களுக்கு அதற்குப் பஞ்சமில்லை. பட்டுக்கடையில் கணக்கு எழுதும் எனக்கு விடிகாலை மட்டுமே சொந்த நேரம். அதில் நான் பிடித்தது கைலாசநாதர் கோயில் உட்சுற்று.

1300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் தன் பட்டப்பெயர்களை அங்கே சிற்றாலயம் சிற்றாலயமாகப் பொறித்து வைத்திருக்கிறான். அத்யந்தகாமன், ரணஜயன் என்று இருநூறுக்கு மேல் போகும். தற்பெருமைதான், கற்கிறவனுக்கோ அது வரப்பிரசாதம். பட்டங்கள் 'ஸ்ரீ' என்றே தொடங்குவதால், அந்த ஒரு வடிவம் கண்ணில் பதிந்துவிட்டால் எங்கே வெட்டிப் படிப்பது என்று தெரிந்துவிடும். அதே பட்டங்கள் வேறு எழுத்து வடிவங்களிலும் மேலும் கீழும் வருகின்றன. ஒரு வரிசை சிதைந்திருந்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

படித்தது சரியா என்று பார்க்க, ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி, 1890இல் வந்தது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுத்து வளர்ந்த விதத்துக்கு, சென்னை அருங்காட்சியகம் 1952இல் வெளியிட்ட சிவராமமூர்த்தியின் நூல். இந்த இரண்டும் செல்பேசியில் இருந்தால் போதும். நாற்பது பிடிஎஃப் சேர்த்து வைத்தவர் ஒன்றையும் திறப்பதில்லை.

வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுங்கள். உச்சிவெயிலில் எழுத்தின் பள்ளம் தெரியாது. சுண்ணாம்பு, மாவு தடவிப் படிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், கல் கெடும். இந்தப் பட்டங்களில் வரும் கிரந்த எழுத்து 2014இல் யூனிகோடில் சேர்ந்தது என்றாலும், அதில் உள்ளது பிற்கால வடிவம். பல்லவர் கால வளைவை நோட்டில் கையால் வரைந்துதான் பழக வேண்டும். வரைந்த எழுத்து மறக்காது.

பட்டப்பெயர்களைத் தாண்டிச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுக்கு வந்ததும் செல்பேசி கைவிரித்துவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருப்பதால் 'கர' என்பதா, 'கா' என்பதா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால், சிதைந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டு கூசாமல் பதில் சொல்கிறது. அங்கேதான் ஆள் வேண்டும்.

எனக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் விடை சொல்ல மாட்டார். "தம்பி, எழுத்தை அப்புறம் பாருங்க. இது நிலம் வித்த சேதியா, விளக்குக்கு ஆடு விட்ட சேதியா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பார். கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு விடுவது சோழர் கால வழக்கம். அது தெரிந்தவனுக்கு 'விளக்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் மங்கிக் கிடக்கிற எண்ணும் 'சாவா மூவாப் பேராடு' என்பதும் தானாகத் துலங்கும். முதலில் சேதி, பிறகு எழுத்து என்ற இந்த வரிசையை எந்த மென்பொருளும் எனக்குப் போட்டுத் தரவில்லை.

அவரிடம் போகுமுன் என் வாசிப்பை எழுதிவிடுவேன். சந்தேக எழுத்தின் கீழ் கோடு. கோடிட்ட இடங்களை மட்டும் பேசுவோம். அவர் நேரமும் வீணாகாது.

அடுத்த படி வைகுண்டப் பெருமாள் கோயில். இரண்டாம் நந்திவர்மன் பட்டத்துக்கு வந்த கதை அங்கே சிற்பமும் குறிப்புமாக இருக்கிறது. அதை ஆராய்ந்த சி. மீனாட்சியின் நூல் அவர் மறைந்தபின் 1941இல் வந்தது. சிற்பத்தைப் பார்த்துக் குறிப்பை ஊகிக்கலாம் என்பதால் தனியாகப் போகிறவருக்கும் அது தோதான இடம்.

ஊரில் வாத்தியார் கிடைக்கவில்லை என்றால் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் கல்வெட்டுப் பயிற்சிகளை விசாரியுங்கள். அதுவரை ஒரு சிற்றாலயத்தின் பட்டங்களை மட்டும் நோட்டில் வரைந்து முடியுங்கள்.