லேடெக்ஸ் மெத்தைக்கு இவ்வளவு விலை தகுமா?

மெத்தைக் கடையில் லேடெக்ஸ் அடுக்கியிருக்கும் பக்கம் போனாலே விற்பனையாளரின் பேச்சு நீண்டுவிடுகிறது. சாதாரண ஃபோம் மெத்தையைவிட இரண்டு மூன்று மடங்கு விலை சொல்ல வேண்டுமே! முதுகுவலி பறந்துவிடும், பூச்சி அண்டாது, ஏசி தேவைப்படாது, ஆயுளுக்கும் உழைக்கும் என்று அடுக்குகிறார். இவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. அவர் சொல்கிற அளவுக்கு இல்லை.

நம்பிக்கை: லேடெக்ஸ் என்று போட்டிருந்தால் முழுக்க ரப்பர் பால்தான்

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பருக்கும் லேடெக்ஸ் என்றே பெயர். இரண்டையும் கலந்தும் செய்கிறார்கள். ஃபோமுக்கு மேல் ஒன்றிரண்டு அங்குல லேடெக்ஸை ஒட்டி, மொத்தத்தையும் லேடெக்ஸ் மெத்தை என்று விற்பதும் உண்டு. தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்யும் காயர் மெத்தையை ரப்பர் மெத்தை என்று நினைத்து வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாலின் அருமை தெரியும். மரத்திலிருந்து வடிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். உறைந்துபோகாமலிருக்க அமோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி, ரப்பரின் அளவை 60 சதவீதமாக உயர்த்துகிறார்கள். பிறகு நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, சூட்டில் வேகவைக்கிறார்கள். 1929-ல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் உருவான முறை இது. கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் சேர்க்காமல் இது மெத்தையாக நிற்காது. ஆகவே ‘நூறு சதவீதம் இயற்கை’ என்பதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ‘கோல்ஸ்’ என்ற இயற்கை லேடெக்ஸ் தரச்சான்றே 95 சதவீதத்துக்கு மேல் இயற்கை வேளாண் மூலப்பொருளைத்தான் கேட்கிறது, நூறை அல்ல. ‘ஓகோ-டெக்ஸ்’ சான்று வேறு விஷயம். தீங்கான ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று மட்டுமே அது சொல்லும். செயற்கை லேடெக்ஸுக்கும் அது கிடைக்கும்.

எடையைக் கேட்டால் ஓரளவு பிடிபட்டுவிடும். 78-க்கு 60 அங்குலம், 6 அங்குல கனம் என்றால் மெத்தையின் கொள்ளளவு 0.46 கன மீட்டர். நல்ல லேடெக்ஸின் அடர்த்தி கன மீட்டருக்கு 80 கிலோவை ஒட்டி இருக்கும். ஆக மெத்தை 37 கிலோ கனக்க வேண்டும். கடைக்காரர் ‘32 டென்சிட்டி’ என்று சொல்லும் ஃபோம் அதே அளவில் 15 கிலோவைத் தாண்டாது. ஒற்றை ஆள் அலட்சியமாகத் தூக்கி வந்து போட்டால் சந்தேகப்படுங்கள். சுண்ணாம்புத் தூள் போன்றவற்றைக் கலந்து எடையைக் கூட்டவும் முடியும் என்பதால், கனம் குறைந்தால் போலி என்று சொல்லலாமே தவிர, கனமாக இருப்பதெல்லாம் அசல் என்று சொல்ல முடியாது.

விலையின் ரகசியமும் இந்த எடையில்தான் பாதி இருக்கிறது. ரப்பர் கிலோ 200 ரூபாய் என்று வைத்தால்கூட, உள்ளே இருக்கும் ரப்பருக்கே ஏழாயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. உறை, உற்பத்திக் கூலி, வண்டிச் சத்தம், கடை லாபம் எல்லாம் அதற்கு மேல். எனவே முழு லேடெக்ஸ் மெத்தை பத்தாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம்பிக்கை: முதுகுவலிக்கு இதுதான் மருந்து

மெத்தை மருந்தல்ல. ‘ஆர்த்தோபீடிக்’ என்று உறையில் அச்சடித்திருப்பதும் மருத்துவச் சான்று அல்ல, வியாபாரச் சொல். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2003-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. கட்டாந்தரையே முதுகுக்கு நல்லது என்ற நம் வீட்டுப் பெரியவர்களின் தீர்ப்புக்கும் அது ஒத்துவரவில்லை. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது கெட்டித்தன்மையைத்தான். எந்தப் பொருளால் செய்தது என்பதை அல்ல. நடுத்தரக் கெட்டி ஃபோமிலும் கிடைக்கும், காயரிலும் கிடைக்கும். லேடெக்ஸின் தனிச்சிறப்பு, அமுங்கிய இடம் உடனே எழும்பிவிடுவது. புரண்டு படுப்பது எளிது. அது சுகம், சிகிச்சை இல்லை.

நம்பிக்கை: உடம்புக்குக் குளிர்ச்சி

மெமரி ஃபோமோடு ஒப்பிட்டால் சரிதான். அது உடற்சூட்டில் இளகி உடம்பைச் சூழ்ந்துகொள்ளும். லேடெக்ஸ் அப்படிச் செய்வதில்லை. அதிலிருக்கும் வரிசை வரிசையான துளைகளைக் காட்டி, காற்றோட்டத்துக்காகவே விட்டது என்பார்கள். அச்சில் வேகும்போது உள்ளே வரை சூடு பரவ நட்ட ஊசிகளின் தடங்கள் அவை. காற்று போவது உப பலன். அதற்கு மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையை மாட்டினால் அந்தப் பலனும் போயிற்று. சென்னை மே மாதத்தில் கோரைப்பாயோடு போட்டியிட எந்த மெத்தையாலும் முடியாது.

நம்பிக்கை: தூசிப் பூச்சி வராது, ஒவ்வாமை வராது

தூசிப் பூச்சிக்கு உணவு நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள். அது விரிப்பிலும் தலையணையிலும் உறையிலும் இருக்கிறது. விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பது எந்த மெத்தைக்கும் அவசியம். ரப்பர் கையுறை போட்டாலே அரிப்பு, தடிப்பு வருகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் லேடெக்ஸ் பக்கம் போகக் கூடாது.

நம்பிக்கை: நீடித்து உழைப்பதால் கடைசியில் லாபம்

நீடித்து உழைக்கும் என்பது உண்மை. நல்ல லேடெக்ஸ் பத்து ஆண்டு தாண்டியும் குழி விழாமல் இருக்கும். லாபமா என்பதுதான் கேள்வி. 12,000 ரூபாய் ஃபோம் மெத்தை ஐந்து ஆண்டு வந்தால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். 36,000 ரூபாய் லேடெக்ஸ் அதற்குச் சமமாகவே பதினைந்து ஆண்டு ஓட வேண்டும்.

அதற்குள் நாமே அதைக் கெடுத்துவிடவும் வாய்ப்புண்டு. இலவம் பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் காயப்போட்டுப் பழகிய கை நம்முடையது. பஞ்சுக்கு வெயில் நல்லது, லேடெக்ஸுக்கு எமன். வெயில் பட்டால் மஞ்சளித்து, இறுகி, பிறகு உதிர ஆரம்பித்துவிடும். நிழலில், காற்றில் வைத்தால் போதும். அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலில் பலகை மேல் அப்படியே கிடந்தால் கீழ்ப்பக்கம் ஈரம் தங்கும். அவ்வப்போது நிமிர்த்தி வைக்க வேண்டும். வாரண்டி அட்டையையும் படியுங்கள். குறிப்பிட்ட ஆழத்தைவிடக் குறைவான குழிக்கும், கறை படிந்த மெத்தைக்கும் பெரும்பாலும் ஈடு கிடைக்காது.

என் கணக்கில், சொந்த வீடு, கையில் தாராளமான காசு, துள்ளலான மெத்தைதான் பிடிக்கும் என்பவருக்கு இந்த விலை தகும். அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர், 37 கிலோவை மூன்றாம் மாடிக்கு ஏற்றி இறக்க வேண்டியவர், முதுகுவலிக்காகக் கடன் வாங்கி வாங்க நினைப்பவர் நடுத்தரக் கெட்டியுள்ள நல்ல ஃபோம் அல்லது காயரோடு நின்றுகொள்ளலாம். வாங்குவதென்றே முடிவெடுத்தால், ஜிப் வைத்த உறையாகக் கேட்டு, திறந்து உள்ளே பாருங்கள். லேடெக்ஸ் இயற்கையா கலப்பா, எத்தனை அங்குலம், எத்தனை கிலோ என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.