கற்பித்தலும் கருவியும்

கற்பித்தற்குக் கருவி வேண்டுவதே. மணலும் ஓலையும் கற்பலகையும் தத்தங் காலத்தே செய்த தொண்டினை இன்று மின்திரை செய்கின்றது. குருதியோட்டம், கோள்களின் இயக்கம் முதலியவற்றைக் கரும்பலகையிலுள்ள படத்தினும் அசையும் படம் எளிதில் விளக்கும்.

தமிழ்நாட்டரசு 2011-இல் மாணாக்கர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பெற்றன, கைபேசியை அவற்றின்மேற் காட்டின் பாடத்திற்குரிய காணொளி தோன்றும். 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தோன்றிற்று. 2020-இல் கொரோனாத் தொற்றினாற் பள்ளிகள் அடைபட்டபொழுது, பாடங்கள் அதன் வழியே இல்லம் புகுந்தன.

ஆயினும், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கங்களில் லாரித் தொழிலால் வாழுங் குடும்பங்கள் பல. வீட்டிலுள்ள கைபேசி ஒன்றேயாயின், தந்தை வண்டியேறுங்கால் அதுவும் உடன் செல்லும். பள்ளிபாளையத்து விசைத்தறி ஓடும் இல்லத்திலோ தொலைக்காட்சியின் சொல் செவிக்கெட்டாது. அன்றியும், மாணாக்கன் முகத்தில் எழும் ஐயத்தைத் திரை கண்டறியாது, ஆசிரியரே அறிவர்.

ஆதலின், ஆசிரியப்பணி புகவிருக்கும் நம் மாணாக்கர்க்கு நாம் கூறுவது இதுவே: காணொளியை இடையிடையே நிறுத்தி வினவுக; கண்டதைப் பிள்ளைகள் தஞ்சொல்லாற் கூறச் செய்க; கைபேசியில்லாப் பிள்ளைக்கு அதனைப் பள்ளியிலேயே மீண்டுங் காட்டுக. அப்பிள்ளையும் உடன் கற்றாலன்றிக் கருவியாற் பயனில்லை.